இரண்டு பொட்டலத்திலும் மல்லிகை

இப்போதே சொல்லிவிடலாம், இன்னும் கூப்பிடவில்லை, உள்ளே போய்க் கட்டைவிரலை அந்தச் சின்னக் கண்ணாடியின்மேல் அழுத்திவிட்டால் அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம் என்று நாகலிங்கம் வாயைத் திறக்கப்போன நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தமயந்தி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "குடிங்க, ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றாள். அவர் வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கிற மனுஷன் பேச முடியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே குடித்தார். பத்திரப்பதிவு அலுவலகக் கூடத்தில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடு ஒன்று பிணைத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தால் இந்தக் கோடியில் இருக்கிறவரின் இடுப்பு ஆடியது. சர்வர் படுத்துவிட்டது, எழுந்துவிடும், சாப்பாட்டுக்கு முன்னாடி நம்ம நம்பர் வந்துவிடும் என்று பத்திரம் எழுதுகிற வைரவன் சொல்லிவிட்டு வாசலுக்குப் போயிருந்தார். எதிர் வரிசையில் வீட்டை விற்கிற அருளப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறவர், நல்ல மனுஷர், மழைக்கு ஒழுகுகிற இடத்தைக்கூட அவராகவே ஏணி போட்டு ஏறிக் காட்டினார். விற்கிறவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வாங்குகிற இடத்தில்தான் புருஷன் பெண்டாட்டியிடம் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாட்டிலைத் திருப்பித் தந்தபோது தமயந்தியின் விரல் பட்டது. சொல்ல வேண்டியது என்னமோ ஒரே வரிதான்: அன்றைக்குக் கோயிலில் இரண்டு பொட்டலத்திலும் நான் மல்லிகைதான் வைத்தேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும், வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள் என்று சொல்கிற நேரம்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் நின்று அந்த வரியை வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சொல்கிற மனுஷன், இந்த ஒரு வரியை இத்தனை நாளாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

வீடு தேட ஆரம்பித்ததிலிருந்தே தமயந்தி தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். குடியிருக்கிற வாடகை வீட்டின் சொந்தக்காரர், மகளுக்குக் கல்யாணம், அவர்கள் வந்து இருக்க வேண்டும், தை மாதத்துக்குள் காலி பண்ணிக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். இனியும் வாடகை வீடா என்று நாகலிங்கம்தான் சொந்த வீட்டுப் பேச்சை எடுத்தார். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் போதும், அவளுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிடும், சொறிந்து சொறிந்து சிவந்து, தைக்கிற பிளவுஸில் ரத்தப் பொட்டு படும். அந்த வீட்டில் சமையலறை இருட்டு, இந்த வீட்டில் படி செங்குத்து, இன்னொரு வீட்டில் விற்கிற அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டேன் என்கிறார்கள், நாளைக்கு வில்லங்கம் வரும். வரும்தான், அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். பார்க்கலாம் என்பாள். அந்தப் பார்க்கலாம் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும், சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்காரும், அவர் செருப்பை மாட்டும்போது வாசல்வரை கூடவே வரும். சென்னையில் படிக்கிற மகள் கயல் போனில், "அம்மாவ டென்ஷன் பண்ணாதீங்கப்பா, கையெல்லாம் புண்ணாயிருச்சாம்ல" என்று சொல்லிவிட்டு, வீடு வாங்கும்போது மன உளைச்சலைக் குறைப்பது எப்படி என்று யாரோ எழுதியதை அனுப்பியும் வைத்தாள். கூட்டம் குறைந்த மத்தியானத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை அவர் கருத்தாகப் படித்தார். அவசரப்படாதீர்கள் என்றிருந்தது. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றிருந்தது. கணவனும் மனைவியும் முடிவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றிருந்தது. பங்கிட்டுத்தான் கொண்டார், இரண்டு பங்கையும் அவரே எடுத்துக்கொண்டார் என்பதுதான் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது.

ஆனால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று சொன்னது அவள். அதை யாரும் மறுக்க முடியாது, எந்தக் கோர்ட்டிலும் அவர் சொல்வார், யோசனை அவளுடையதுதான். அருளப்பன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த வாரம், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எனக்கு ஒன்னும் ஓடலங்க. மாரியம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம். அவ என்ன சொல்றாளோ அது" என்றாள். அவள் பிறந்த வீட்டில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஆபரேஷனோ எதுவானாலும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஓர் இலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். கேட்க வந்தவர் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம், அதற்கு மேல் பேச்சே கிடையாது. எடுக்கிறவர் கட்டக் கூடாது, கட்டுகிறவர் எடுக்கக் கூடாது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரித்தும் பார்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், பிரித்தால் அம்மனை நம்பவில்லை என்றாகிவிடுமாம். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாராலும் செய்து கொடுக்க முடியாது. ஆனால் கோயில் வாசலில் அவள் கையிலிருந்து பூப்பையை வாங்கும்வரை அவருக்கு அந்த எண்ணம் இல்லை. இருந்ததா? இல்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், குழாயடியில் திரும்பி நின்றுகொண்டு இலையை விரித்தார். ஒன்றில் மல்லிகையை வைத்தார். அடுத்ததில் சிவப்பு அரளியை வைத்தார், வைத்தார்தான், மடித்தும் விட்டார், நாரைச் சுற்றும்போது கை நின்றது. இது வந்தால்? இது வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் புரோக்கர், மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை வெயில், மறுபடியும் அந்தப் பார்க்கலாம். பிரித்தார், அரளியை எடுத்தார், மல்லிகையை வைத்தார். ஒரு மனுஷன் மூக்கைச் சொறிகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், வெகுநேரம் நின்றாள், பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமும்வரை நின்றாள், அப்புறம் குனிந்து ஒன்றை எடுத்தாள், பூசாரி பிரித்தார், வெள்ளை. "உத்தரவு குடுத்துட்டா தாயி" என்றார் பூசாரி. அவள் அந்த மல்லிகையைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். அன்றோடு கை அரிப்பு நின்றுவிட்டது.

அது நின்றதுதான் வினை. நிற்காமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சாயந்திரமே சொல்லியிருப்பார், அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார், ஆனால் அவள் அந்தக் கையை விரித்து, "பாத்தீங்களா, ஆறிருச்சு" என்று காட்டும்போது என்னவென்று சொல்வது. ஆஸ்பத்திரியில் மேலெல்லாம் வலி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் மஞ்சள் வைட்டமின் மாத்திரை எழுதுவார். அதைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது நாகலிங்கம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, நல்ல பவர் மாத்திரை, ஒரு வேளையும் விட்டுறக் கூடாது என்று சொல்வார். அடுத்த வாரம் வந்து வலி போயிருச்சு சார் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது பொய்யா? பொய்தான். யாருக்கு நட்டம்? ஒருவருக்கும் இல்லை. இதுவும் அந்த மாதிரி ஒரு மஞ்சள் மாத்திரைதான், அவள் நிம்மதிக்காகக் கொடுத்தது, அவளுக்காக, அவள் தூக்கத்துக்காக. இந்த இடம்வரை யோசனை வழுக்கிக்கொண்டு வரும், வந்து இங்கே தடுக்கி நிற்கும். மாத்திரை வாங்குகிறவருக்கு வலி போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. தமயந்திக்கு என்ன வேண்டியிருந்தது? அரிப்பு போகவா அவள் கோயிலுக்குப் போனாள்? கும்பிட்டுக்கொண்டு நின்றாளே அவ்வளவு நேரம், என்ன கேட்டாள்? அதை அவர் விசாரிக்கவே இல்லை. சாமியிடம் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு சாக்கு இருந்தது, அது வசதியாகவும் இருந்தது. இன்றைக்கும் அவள் மல்லிகைதான் வைத்திருந்தாள், மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாசனை வந்து முகத்தில் மோதியது. பதிவு முடிந்ததும் சொல்லலாமா? முடிந்த பிறகு சொன்னால் சண்டையாவது அந்த வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். சீ. பால் காய்ச்சிய பிறகு? பேரன் பேத்தி எடுத்த பிறகு? சாகும்போது? சாகும்போது சொல்கிறவன் தான் நிம்மதியாகப் போய்விடுவான், இருக்கிறவள் அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள். வீட்டை அவள் பேரில் பதிவதென்று முடிவெடுத்ததுகூட இதற்காகத்தான், அவள் பேர் இருந்தால் கொஞ்சம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு.

"சார், அம்மாவோட ஆதார் ஜெராக்ஸ் ஒன்னு கொறையுது, எதிர்க்கடைல எடுத்துட்டு வந்துருங்க" என்று வைரவன் வந்து நின்றார். நாகலிங்கம் தப்பித்த மாதிரி எழுந்தார், வரிசை முழுவதும் ஆடியது. வெளியே வெயில் பின்கழுத்தில் பட்டதும் கட்டி வந்து ஆறிய இடம் விண்ணென்றது. பூக்கட்டிப் பார்த்த அடுத்த வாரமே வந்த கட்டி அது. சூட்டுக் கட்டி, யாருக்குத்தான் வராது, அவரே ஆன்டிபயாடிக் எடுத்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டுவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை மாரியம்மன் கோயில் பக்கம் திருப்பி, உள்ளே போகத் தைரியமில்லாமல், வாசல் உண்டியலில் காசைப் போட்டுவிட்டுத் திருநீறுகூட எடுக்காமல் வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை, அம்மனுக்குத் தெரியாதா. கட்டி மாத்திரையால் உடைந்ததா காசால் உடைந்ததா என்பது பார்மஸி படித்த மனுஷனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனக்கு வருவதைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு பயமில்லை. பொட்டலத்தை எடுத்த கை தமயந்தியின் கை. அம்மன் கணக்குப் பார்க்கிறவளாக இருந்தால் யார் கட்டினார்கள் என்று பார்ப்பாளா, யார் எடுத்தார்கள் என்று பார்ப்பாளா? அந்தப் புது வீட்டுக் குளியலறையில் அவள் வழுக்கி விழுந்தால், ஒரு காய்ச்சல் விடாமல் அடித்தால், அதைத் தாங்கிக்கொண்டு அவர் எப்படி ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மற்றவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பார்? கடைக்காரர் கார்டை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை மூடினார். வெளிச்சம் ஒரு தடவை ஓடியது. வெளியே வந்த தாளில் தமயந்தியின் முகம் கறுத்து, ஒரு கண் மட்டும் பளிச்சென்று அவரைப் பார்த்தது. இன்னொன்னு எடுக்கவா சார், இது சரியா விழல என்றார் கடைக்காரர். வேண்டாம், இதுவே போதும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அருளப்பன் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தமயந்தியிடம் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "போட்டவொடனே கொஞ்ச நேரம் சத்தங்காட்டும்மா, பயந்துறாதீங்க, அப்புறம் சீரா ஓடும். மேல் டேங்க் நெறஞ்சா பின்பக்கம் கொட்டும், அந்தச் சத்தத்த வச்சு நிறுத்திக்கலாம். அங்கதான் வேற சத்தமே கெடையாதே." தமயந்தி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் பாடத்தை மனப்பாடம் பண்ணுகிற முகம். வேற சத்தமே கெடையாது. அதற்காகத்தான் நாகலிங்கத்துக்கு அந்த வீட்டைப் பார்த்த உடனே பிடித்தது. பைபாஸைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நெடுந்தூரம் உள்ளே, இரண்டு பக்கமும் காலி மனை, எதிரே கருவேலங்காடு. இப்போது இருக்கிற வீட்டில் முன்னறை முழுக்கப் பெண்கள். பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், தைத்ததை வாங்க வருகிறவர்கள், ஒன்றுக்கும் இல்லாமல் சும்மா வந்து தரையில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டிவிட்டு மனசு லேசாகிப் போகிறவர்கள். தமயந்தியின் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருத்திக்கு ஊக்கு வைத்துக்கொண்டே இன்னொருத்தியின் சண்டைக்குத் தீர்ப்பு சொல்வாள். நாள் பூராவும் இருமலும் அழுகையும் கேட்டுவிட்டு வருகிற மனுஷன் அந்த முன்னறையில் நுழையக் கூச்சப்பட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையலறைக்குப் போய், சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு டீ குடிக்கிறார். அருளப்பன் வீட்டு முன்னறையில் நின்றபோது அவர் காதில் விழுந்தது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அப்பாடா என்றிருந்தது. தமயந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தெரு ரொம்ப அமைதியா இருக்குங்க" என்றாள். ஆமாம் என்றார் சந்தோஷமாக. அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் யார் வருவார்கள், எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதை அவர் படித்தாரா இல்லையா? படிக்கவில்லை என்றால் எதற்காக அவசரமாக ஜன்னல் கட்டையைத் தட்டி, தேக்கு போலிருக்கே என்று பேச்சை மாற்றினார்?

அருளப்பன் எழுந்து தன் இடத்துக்குப் போனார். நாகலிங்கம் உட்கார்ந்தார், நாற்காலியில் அருளப்பனின் சூடு இருந்தது. தமயந்தி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு அவர் பக்கமாகச் சாய்ந்து, "ஒன்னு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது" என்றாள். சொல்லு என்றார், வாய் மறுபடியும் காய்ந்தது, ஒருவேளை தெரிந்துவிட்டதோ. "இப்ப எல்லாம் முடியப்போகுது, அதான் சொல்றேன். அன்னைக்குக் கோயில்ல நான் செவப்பு வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஒங்ககிட்ட வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்ல முடியல. அந்த வீட்டப் பாத்துட்டு வந்ததுலருந்து பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறீங்க, கல்யாணமானதுலருந்து நான் கேட்டதே இல்ல. அதப் போயி எப்படிக் கெடுக்கிறது? அவ சொல்லட்டும்னு போனேன். தாயே, செவப்பக் குடு, செவப்பக் குடுன்னு எத்தன தடவ கேட்டேன் தெரியுமா. வெள்ளையக் குடுத்துட்டா. சரி, நமக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். மிஷினப் பின் ரூம்ல போட்டுக்கலாம். ஆளு வராட்டி என்ன, பழகிரும்." பழகிரும் என்று அவள் இன்னொரு தடவையும் சொன்னாள், அவருக்குச் சொன்ன மாதிரி இல்லை.

இல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவ்வளவு நேரம், பின்னால் நின்றவர்கள் செருமும்வரை, அங்கே வைக்கப்படாத ஒரு பூவைக் கேட்டு நின்றிருக்கிறாள், அவர் தூணோரமாக நின்று, பாவம், எவ்வளவு பக்தி என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மனாலும் கொடுத்திருக்க முடியாது. கொடுக்க நினைத்திருந்தாலும் காலடியில் கிடந்தது இரண்டும் ஒன்றுதானே. அவளுடைய கவலையை எடுத்தேன், அவளுக்குத் தூக்கம் கொடுத்தேன், அரிப்பை நிறுத்தினேன் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே கைகொடுத்துக்கொண்டிருந்தார். மரத்துப்போன இடத்தில் அரிக்காது. இது அவருக்குத் தெரியாத விஷயமா, மரத்த தோலோடு வருகிறவர்களுக்கு எத்தனை வருஷமாக மருந்து எண்ணிக் கொடுக்கிறார். பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் அது வேண்டாம்தான். புருஷன் முகம் வாடாத மாதிரி அவளுக்குச் சொல்லத் தெரிந்த வேண்டாம் அது ஒன்றுதான், அதுவும் அவர் காதில் ஏறாது என்று தெரிந்து, கடைசியாக ஓர் அரளிப் பூவிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு அவரையே நம்பிக் கட்டச் சொல்லியிருக்கிறாள். அவர் அவளுக்காகச் செய்யவில்லை. சமையலறை ஸ்டூலிலிருந்து எழுந்திருப்பதற்காகச் செய்தார். இதை நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, அழுகையா அவமானமா என்று பிரிக்க முடியவில்லை, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, "ரெண்டுலயும் மல்லிகதான் வச்சேன்" என்றார்.

"எதுல?"

"பொட்டலத்துல. ரெண்டு பொட்டலத்துலயும். செவப்பே வைக்கல. நீ எத எடுத்திருந்தாலும் வெள்ளதான் வந்திருக்கும்."

மின்விசிறி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. யாருடைய குழந்தையோ தண்ணீர் கேட்டு அழுதது, அதன் அப்பா கடைக்குப் போகலாம் என்று தூக்கிக்கொண்டு எழுந்தார், வரிசை ஆடியது, இரண்டு பேரும் சேர்ந்து ஆடினார்கள். கத்துவாள் என்று நினைத்தார், கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். அவள் கேட்டது வேறு. "அரளிய என்ன பண்ணீங்க?"

"சட்டப் பையில போட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரில போயி குப்பைல போட்டேன்."

"ஊசி போடுற குப்பையிலயா?"

"இல்ல இல்ல. சாதாக் குப்பைல."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், அது ஏதோ முக்கியமான விஷயம் என்பதுபோல. அதற்குள் சர்வர் எழுந்துவிட்டது. நம்பரைக் கூப்பிட்டார்கள், வைரவன் கதவருகில் நின்று, "சார், நம்மதுதான், வாங்க வாங்க, மறுபடி படுத்துறப்போவுது" என்று கையை வீசினார். அருளப்பன் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார். நாகலிங்கத்தின் கால்கள் பழக்கத்தில் எழுந்துவிட்டன. தமயந்தி எழவில்லை.

"வக்கீல்ட்டக் கேட்டீங்க" என்றாள், சத்தமில்லாமல். "இன்ஜினியரக் கூட்டிட்டுப் போயி செவுத்தத் தட்டிப் பாத்துக் கேட்டீங்க. கயலுகிட்டக் கேட்டீங்க. அம்மன்கிட்டக் கேட்டோம். எங்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனே. வந்தவொடனே கேட்டேன்."

"நல்லாருக்குல்லன்னு கேட்டீங்க. அது கேக்குறதா?"

அது கேட்பதாகாது என்று அவருக்கே தெரிந்தது.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

"இந்த வீடு வேணுமா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது மருந்து ஜன்னல் குரல், சர்க்கரை இருக்கா பிரஷர் இருக்கா என்று கேட்கிற குரல் என்பது உறைத்தது. அவள் காத்திருந்தாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார், அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "தமயந்தி, நாம இந்த வீட்ட வாங்கணுமா? ஒனக்கு என்ன தோணுதோ சொல்லு" என்றார். வைரவன் மறுபடியும் கூப்பிட்டார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், அங்கே வேறு எதுவும் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"தெரியலங்க" என்றாள். "இது வரைக்கும் அவ சொல்லிட்டான்னு நெனச்சிருந்தேன். இப்பதான் யோசிக்கணும்."

எவ்வளவு நாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தை வரப்போகிறது, வாடகை வீட்டுக்காரர் வந்து நிற்பார், மறுபடியும் புரோக்கர், மறுபடியும் எல்லாம். விழுங்கிக்கொண்டார். எழுந்து கதவருகில் போனார், அந்தத் தூரம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"இன்னைக்கு வேண்டாம் சார். அவங்க இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

"என்ன சார் வெளையாடுறீங்க, டோக்கன் போயிரும் சார்" என்று வைரவன் தலையில் கை வைத்தார். அருளப்பன் கோபப்படவில்லை. ஒன்றும் புரியாமல் நாகலிங்கத்தையும் தூரத்தில் உட்கார்ந்திருந்த தமயந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மன் உத்தரவு குடுத்துருச்சுன்னு நீங்கதான சார் போன்ல சொன்னீங்க? அத நம்பித்தான கேட்டு வந்த மத்த ஆளுகளத் திருப்பி அனுப்புனேன். நான் சர்ச்சுக்குப் போறவன்தான், இருந்தாலும் சாமி சொன்னதுன்னா சாமி சொன்னதுதானே."

"அம்மன் குடுக்கல சார்" என்றார் நாகலிங்கம். "நான் குடுத்தேன்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்திக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றார்.